அம்மைக்கு மரியாதை, தொழுநோய்க்கு விலக்கு: பெயர் செய்த வேலை

நாம் பயன்படுத்தும் மொழிக்கும் உடல்நலத்துக்கும், மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் முறைக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது என்றே நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் தெருவிலும் நான் பார்த்த இரண்டு நோய்களின் பெயர்களை வைத்தே அதை விளக்க முயல்கிறேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் 'அம்மை நோய் வந்துவிட்டது' என்று ஒருபோதும் சொன்னதில்லை. 'அம்மா வந்திருக்கிறாள்' என்றோ 'முத்து போட்டிருக்கிறது' என்றோதான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன அந்தக் கணத்திலேயே வீட்டின் நடைமுறை முழுவதும் மாறிவிடும். வாசலில் வேப்பிலை செருகப்படும், தாளிப்பு நிற்கும், உறவினர் வருகை நிற்கும், படுத்திருப்பவரிடம் யாரும் குரலை உயர்த்திப் பேசமாட்டார்கள். கொப்புளம் அரித்தால் நகத்தால் சொறியாமல் வேப்பங்கொத்தால் வருடிவிடுவார்கள். ஒற்றைப்படை நாள் பார்த்துத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளிதான் அந்த வீட்டின் தெய்வம். மருத்துவர்கள் 'தனிமைப்படுத்துங்கள்' என்று சொல்வதைத்தான் அந்த வேப்பிலையும் சொல்கிறது. தனிமைப்படுத்தப்பட்டவரின் மனம் நோகாமல் சொல்கிறது என்பதே அதன் அழகு.

ஆனால் அதே மொழி ஆபத்தையும் கொண்டுவரும் என்பதை என் சித்தப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் சின்னம்மை வந்தபோது உணர்ந்தேன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எளிதாகக் கடந்துபோகும் இந்த நோய், பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரை கொண்டுபோகக்கூடியது. வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையோ கொப்புளம் தோன்றிய முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். வந்திருப்பது அம்மன் என்றால் மருந்து கொடுப்பது அவளை விரட்டுவதாகிவிடுமே என்று பாட்டி தடுத்துவிட்டார். அப்போது வந்த கிராம சுகாதாரச் செவிலியர் வைரஸ் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அம்மா இருக்கிறபடி இருக்கட்டும் ஆத்தா, நான் ஒன்னும் அவளைப் போகச் சொல்லல. தம்பிக்கு மூச்சு வாங்குதான்னு மட்டும் பார்த்துக்கிறேன், இந்த மாத்திரை உடம்பு தாங்கறதுக்கு" என்றார். பாட்டி வழிவிட்டார். அன்று நடந்ததை மருத்துவம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்பவரின் சொல்லுக்குள் நுழைந்து, அதை உடைக்காமல், தனக்கு வேண்டிய இடத்தைப் பெற்றுக்கொண்ட பேச்சு அது.

இனி இரண்டாவது பெயர், தொழுநோய். எங்கள் தெருமுனையில் விரல்கள் மடங்கிப்போன தையல்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் 'அவருக்கு அது' என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வார். பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார். பெருநோய், குஷ்டம் என்ற சொற்கள் எங்கள் தெருவில் வசவாக மட்டுமே காதில் விழுந்திருக்கின்றன. அவரிடம் துணி கொடுப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள்.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது, தொற்றும் தன்மையில் இந்த இரண்டு நோய்களும் நேர் எதிரானவை என்பதுதான். சின்னம்மை வந்தவருடன் ஒரே வீட்டில் வாழும், எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களில் 10-க்கு 9 பேர் வரை அது தொற்றிக்கொள்ளலாம். தொழுநோயோ, 100-க்கு ஏறக்குறைய 95 பேரை இயல்பாகவே அண்டாது. 1981 முதல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையில் 6 அல்லது 12 மாதங்களில் குணமாகிவிடும். எளிதில் ஒட்டும் நோய்க்குத் தாயின் பெயரும், அரிதாக ஒட்டும் நோய்க்கு வசவும் கிடைத்தன. ஒருவர் மரியாதையோடு வீட்டுக்குள் இருத்தப்பட்டார். இன்னொருவர் ஊருக்குள்ளேயே விலக்கிவைக்கப்பட்டார். இதில் சட்டமும் பின்தங்கியே இருந்தது: தொழுநோயாளர்களைப் பிரித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது, கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதை மணமுறிவுக்கான காரணங்களிலிருந்து நாடாளுமன்றம் எடுத்ததே 2019-இல்தான்.

பெயரை மாற்றினால் போதுமா என்றும் கேட்கலாம். 1995-இல் பிரேசில், அரசு ஆவணங்களில் இந்த நோயின் பழைய பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இயற்றி, 1873-இல் இதன் கிருமியைக் கண்டறிந்த ஹான்சனின் பெயரால் அதை அழைப்பதைக் கட்டாயமாக்கியது. நல்ல முயற்சிதான், ஆனால் வசவு என்பது அகராதியைவிட முகபாவத்தில் அதிகம் தங்கியிருப்பதால், புதிய பெயரையும் அதே தாழ்ந்த குரலில் சொன்னால் பத்தாண்டுகளில் அதுவும் கறைபட்டுவிடும் என்பது என் எண்ணம்.

சித்தப்பாவைப் பார்க்க வந்த அதே செவிலியர், பின்னொரு நாள் வீடு வீடாகத் தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு வந்தார். வாசலில் நின்று எந்த நோயின் பெயரையும் அவர் சொல்லவில்லை. "உடம்புல வெளுத்த தேமல், தொட்டா உணர்ச்சி தெரியாத இடம் ஏதாவது இருக்கா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். பாட்டி தயங்காமல் முழங்கைக்கு மேலே சேலைத் தலைப்பை விலக்கி, பல நாளாக இருந்த ஒரு தேமலைக் காட்டினார். செவிலியர் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்தார், பாட்டிக்குக் கூசியது. வெறும் தேமல்தான்.