கோப்பு கண்முன்னே இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறதே?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காக, வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில், தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் மூலம் ஓர் இணையதளம் உருவாக்கினேன். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் நானே எழுதிய சில கோப்புகளும் உண்டு. வீட்டில் குறையின்றி இயங்கிய தளம், வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வருக்கு மாற்றியதும் ‘ஃபெயில்ட் டு ஓப்பன் ஸ்ட்ரீம்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஃபைல் மேனேஜரில் பார்த்தால் அந்தக் கோப்பு அங்கேயே இருக்கிறது. இருமுறை அழித்துவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. கோப்புகளின் அனுமதியை 777 என மாற்றும்படி நண்பர் கூறுகிறார். மாற்றலாமா?
– வாசகர், தேனி

பதில்: மாற்ற வேண்டாம், மூன்றாம் முறை நிறுவவும் வேண்டாம். அழித்து நிறுவினாலும் அதே பிழையுள்ள கோப்புகள்தாமே மீண்டும் ஏறுகின்றன! பிழைச்செய்தியை முழுமையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பாதைகள், அதாவது கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரிகள், இருக்கும். முதலில் வருவது தேடப்பட்ட கோப்பின் பாதை. இறுதியில் வரி எண்ணுடன் வருவது, அதைத் தேடிய கோப்பின் பாதை. பெரும்பாலோர் இரண்டாவதைத் திறந்து பார்த்து, ‘கோப்பு இருக்கிறதே’ என்று குழம்புகிறார்கள். தேடியவர் இருக்கிறார், தேடப்பட்டவரைத்தான் காணவில்லை.

முதல் பாதை ‘சி’ என்ற எழுத்திலும் முக்காற்புள்ளியிலும் தொடங்கினால், உங்கள் வீட்டுக் கணினியின் முகவரி எங்கோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். வேர்ட்பிரஸின் அமைப்புகளைக் கொண்ட டபிள்யூபி-கன்ஃபிக் கோப்பில் தேடுங்கள்; பக்கங்களைச் சேமித்துவைத்து வேகம் கூட்டும் சில பிளக்இன்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) முழுப் பாதையை அங்கேதான் எழுதிவைக்கின்றன.

பாதை சர்வருடையதாகவே இருந்தால், நீங்கள் குறிப்பிடும் சூழலில் என் ஐயமெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றியதுதான். விண்டோஸ் வழக்கமாக இவ்விரண்டையும் கோப்புப் பெயரில் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. லினக்ஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். கோப்பின் பெயர் பெரிய ‘எச்’ எழுத்தில் தொடங்கும் ‘ஹெடர்’ ஆகவும், நிரலில் நீங்கள் எழுதியது சிறிய ‘எச்’ ஆகவும் இருந்தால், வீட்டில் பல மாதம் சிக்கலின்றி ஓடிய தளம் சர்வரில் முதல் நாளே விழும். கோப்பின் பெயரை மட்டுமன்றி, வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஃபைல் மேனேஜரில் கண்ணுக்குப் படாமல் பெயரின் இறுதியில் ஓர் இடைவெளிகூட ஒளிந்திருக்கலாம். விண்டோஸ் வழக்கப்படி பின்சாய்கோடு இட்டு எழுதிய பாதைகளையும் முன்சாய்கோடாக மாற்றிவிடுங்கள், ஏனெனில் லினக்ஸில் பின்சாய்கோடு கோப்புறைகளைப் பிரிக்காது, பெயருக்குள் வரும் சாதாரண எழுத்தாகவே கொள்ளப்படும். இனிமேல் எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பெயர்கள் பொருந்தியும் பிழை தொடர்ந்தால், உள்ளே இன்னொரு கோப்புறை உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸின் ஜிப் கோப்பை விரிக்கும்போது ‘வேர்ட்பிரஸ்’ என்ற கோப்புறைக்குள்தான் எல்லாம் விழும்; அதனால் பாதையில் ஒரு படி கூடிவிடும்.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு: வாசகர் காணும் பக்கம் திறக்கும், நிர்வாகப் பக்கம் மட்டும் திறக்காது. தீமில் ‘இரண்டு புள்ளி, சாய்கோடு’ என்று தொடங்கும் பாதையை எழுதியிருந்தால் இப்படி நேரலாம். அந்தப் பாதை, அவ்வரி எழுதப்பட்டுள்ள கோப்பிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. வேர்ட்பிரஸை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி அப்போது எந்தக் கோப்புறையில் நின்று இயங்குகிறதோ அங்கிருந்தே கணக்கிடப்படுகிறது, அந்த இடமோ நிர்வாகப் பக்கத்துக்கு ஒன்றாகவும் முகப்புப் பக்கத்துக்கு வேறாகவும் இருக்கிறது. பாதையின் தொடக்கத்தில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் ‘டிஐஆர்’ என்று எழுதப்படும் மாறிலியைச் சேர்த்துவிட்டால், அது எப்போதும் அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையையே குறிக்கும். 2009-இல் வந்த பிஎச்பி 5.3 முதல் இந்த வசதி உண்டு.

உங்களுக்கு நேராவிட்டாலும், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். தேடிய கோப்பின் பெயர் ‘அன்னோன்’ என்றும் வரி எண் 0 என்றும் வந்தால், வேர்ட்பிரஸ் தொடங்குவதற்கு முன்பே பிழை நேர்ந்திருக்கிறது. பாதுகாப்பு பிளக்இன் ஒன்று, பிஎச்பியின் அமைப்புகளைக் கொண்ட, புள்ளியில் தொடங்கும் ‘யூசர் ஐஎன்ஐ’ கோப்பில் பழைய சர்வரின் முழுப் பாதையை விட்டுச்சென்றிருக்கலாம். மறைந்துள்ள கோப்புகளைக் காட்டும்படி ஃபைல் மேனேஜரில் அமைத்தால்தான் அது தெரியும். திருத்திய உடனே பலன் கிடைக்கவில்லை என்று பதறாதீர்கள். பிஎச்பி அக்கோப்பை இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் மீண்டும் படிக்கும்.

இனி உங்கள் நண்பரின் யோசனைக்கு வருவோம். அனுமதிக் குறைவு என்றால் செய்தியில் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுப்பு) என்று வந்திருக்கும்; உங்களுக்கு வந்தது அதுவன்று. 777 என்பது அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் எழுதலாம் என்ற அனுமதி. பல சர்வர்கள் அப்படிப்பட்ட கோப்பை இயக்கவே மறுத்து, சர்வரின் உள்ளே கோளாறு என்று பொருள்படும் 500 பிழையைத் தரும். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பதே வழக்கம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் அந்த எண்களுக்கே திருப்பிவிடுங்கள்.