எம்டனுக்கு எத்தனை புகைபோக்கி? பிளாஸ்டிக் மாடல் கேள்வி-பதில்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பெயிண்ட் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஆனால் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைப் பற்றிய ஒரே ஒரு கேள்வி என்னை மூன்று நாள் பழைய படங்களோடு உட்காரவைத்துவிட்டது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

1/72 (அசலில் 72இல் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் விமானத்தை இரண்டு மாதம் செய்து முடித்து, மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். அரை மணி நேரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. பெயிண்டை உரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா? (நாகப்பட்டினம்)

உரிக்காதீர்கள், பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அடித்த அன்று மழை பெய்திருக்கும், அல்லது கடற்காற்று ஈரமாக வீசியிருக்கும். லாக்கர் வார்னிஷில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு சட்டென்று குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் பனிபோல் அதன்மேல் படிந்து, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. டப்பாவைச் சரியாகக் குலுக்காமல் அடித்தாலும் இதே மாதிரி வெளுப்பதுண்டு.

நல்ல வெயில் அடிக்கும் பகலாகப் பார்த்து, அதே வகை கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷை மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள். புதிய தின்னர் பழைய படலத்தை இளக்கிவிடும். பெரும்பாலும் வெளுப்பு கண்ணெதிரிலேயே கரையும். நன்றாகக் காய்ந்தபின் மறுபடி மேட். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் தின்னரோடு கொஞ்சம் ரிடார்டர் கலந்தால் ஆவியாவது தாமதமாகும். கம்ப்ரஸரில் நீர் பிடிக்கும் கிண்ணத்தையும் மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் திறந்து வடித்துவிடுங்கள். அதில் நிரம்பிய தண்ணீர் ஒரு சொட்டு பெயிண்டோடு வந்து விழுந்தால் இறக்கையில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் விழும்.

டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி பளபளப்பாகத் தெரிகிறது. மட்டமான டீக்காலா? (கோவை)

டீக்கால்மேல் பழி போட வேண்டாம். மேட் பெயிண்டின் மேல் நேரடியாக ஒட்டியிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேட் பரப்பு உப்புத்தாள் மாதிரி மேடுபள்ளமாக இருக்கும். தண்ணீர் காய்ந்ததும் அந்தப் பள்ளங்களில் காற்று உட்கார்ந்துகொள்கிறது; வெளிச்சம் பட்டால் அதுதான் மின்னுகிறது. பெயிண்ட், கிளாஸ், டீக்கால், மறுபடி கிளாஸ், கடைசியில் மேட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். இப்போது ஒட்டியதைக் காப்பாற்ற வேண்டுமானால், மின்னும் இடத்தில் மெல்லிய ஊசியால் நாலைந்து குத்து குத்தி, மைக்ரோ சால் போன்ற டீக்கால் இளக்கியைத் தூரிகையால் தடவி அப்படியே விட்டுவிடுங்கள். டீக்கால் முதலில் சுருங்கி உங்களைப் பயமுறுத்தும். கையை வைக்காதீர்கள், தானாகவே படிந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரலாம்.

காக்பிட் கண்ணாடியை சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. (மதுரை)

சயனோ பசையின் ஆவி செய்த வேலை. கழற்ற முடிந்தால் கழற்றி, 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். இனிமேல் கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சியின் நுனியால் விளிம்பில் தடவி, மிஞ்சியதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். காய்ந்தால் தெளிவாகிவிடும். விமானம் பறக்கப்போவதில்லை, கண்ணாடிக்கு அவ்வளவு பிடிமானம் வேண்டியதில்லை.

என் மிக்-15 வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துகொள்கிறது. உடம்பை ஒட்டி முடித்துவிட்டேன். (யாழ்ப்பாணம்)

மூக்கில் சக்கரம் உள்ள விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். மிக்-15க்கு மூக்கே காற்று போகும் வாய் என்பதால் எடை வைக்க இடமும் குறைவு. முன் சக்கரக் குழி வழியாகவோ காக்பிட்டுக்கு முன்னால் உள்ள இடைவெளி வழியாகவோ சின்னச் சின்ன உருண்டைகளைத் தள்ளி, அரால்டைட் விட்டு நிறுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் முன் சக்கரத்தை மரப்பலகையில் ஒட்டிவிடுங்கள்.

எடைக்குத் தூண்டில் ஈயம் போடுபவர்கள் அதை வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டாதீர்கள். நான் செய்த தவறு இது. அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்குகிறது. பொடி ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும். சில வருடம் கழித்து அலமாரியைத் திறந்தபோது, ஒட்டுவாய் மூக்கிலிருந்து காக்பிட் வரை பிளந்து, உள்ளிருந்து மாவு கொட்டிக் கிடந்தது. சைக்கிள் பேரிங் குண்டு நல்லது.

பன்னிரண்டு வயது மகனுக்கு முதல் கிட். எது வாங்கலாம்? (திருச்சி)

1/72இல் ஒற்றை எஞ்சின் போர் விமானம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த அளவில் 15, 16 செ.மீ. உள்ளங்கையில் நிற்கும். கப்பல் இப்போது வேண்டாம். பசையை ஜன்னல் திறந்த அறையில், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பயன்படுத்துங்கள்.

1/350 எம்டன் வாங்கியிருக்கிறேன். சென்னையைத் தாக்கிய எம்டனாகவே செய்ய ஆசை. வெள்ளையா, சாம்பலா? போலிப் புகைபோக்கி வைக்க வேண்டுமா? (சென்னை)

எந்த எம்டன் என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் இப்படித் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு கப்பல் இரண்டு மாதம் ஒரே மாதிரி இருப்பதில்லை. தேதியை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் உலகப் போருக்கு முன் சீனக் கரையில் சிங்தாவோவில் இருந்த எம்டன் வெள்ளைக் கப்பல். 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வாங்கியது அந்த நிறத்தில்தான். போர் வந்ததும் சாம்பல் பூசிக்கொண்டது. எனவே உங்கள் தேதியான 1914 செப்டம்பர் 22 இரவுக்கு வெள்ளை கூடாது. டப்பாவிலிருந்து எடுத்த சாம்பலை அப்படியே அடிக்காமல், கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறவையுங்கள். 118 மீட்டர் கப்பல் உங்கள் மேசையில் 34 செ.மீ.தான், அந்த அளவில் அசல் நிறம் கறுத்துத் தெரியும்.

எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பலான யார்மத்துக்கு நான்கு. தூரத்தில் வருபவர்கள் ஏமாறட்டும் என்று கேப்டன் ஃபான் முல்லர் மரமும் கித்தானும் வைத்து நான்காவதை எழுப்பினார். அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது அந்த வேடத்தில்தான். போலியை வைத்தால் பார்ப்பவர் மனத்துக்கு வருவது பினாங்கு. சென்னைக்கு மூன்றே வையுங்கள். பினாங்கு எம்டன் செய்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான்காவதன் வாயில் கரி பூசாதீர்கள், அதில் புகை போனதே இல்லை.

அழுக்கு எவ்வளவு என்பதையும் தேதிதான் சொல்லும். சிங்தாவோவை விட்டுக் கிளம்பியது முதல் எம்டன் பழுதுபார்க்கும் துறை எதிலும் ஏறவில்லை. பிடித்த கப்பல்களின் நிலக்கரியை மூட்டை மூட்டையாகத் தன் தளத்தில் ஏற்றிக்கொண்டது. அடிப்பகுதியில் படிந்ததைச் சுரண்டியது அக்டோபரில் டியாகோ கார்சியாவில். சென்னைக்கு வந்தது அதற்கு முன்பு. எனவே நீர்க்கோட்டை ஒட்டி மங்கிய பச்சை தாராளமாக இருக்கட்டும். தளத்தில், நிலக்கரி இறங்கும் மூடிகளைச் சுற்றி, கறுப்பு ஆயில் பெயிண்டைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து விட்டுத் துடையுங்கள்.

கயிறுகளுக்கு நூல் வேண்டாம். 1/350இல் ஒரு தலைமுடியே 2, 3 செ.மீ. தடிமன் வடத்துக்குச் சமம். மிஞ்சிய ஸ்ப்ரூவை (கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்திச் சுடருக்கு மேல், சுடர் தொடாமல் பிடித்துச் சுற்றுங்கள். பளபளத்துத் தொய்யும்போது சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு விட்டு, இழுங்கள். மெதுவாக இழுத்தால் கம்பி, வேகமாக இழுத்தால் இழை. ஒட்டியபின் தளர்ந்திருந்தால், ஊதி அணைத்த ஊதுவத்தியின் கங்கை அருகில் கொண்டுபோனாலே விறைத்துக்கொள்ளும். தொட்டுவிட்டால் அறுந்துபோகும்.

முடித்ததும் உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்துக்கான கல்வெட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். மாடலின் படத்தை எனக்கு அனுப்புங்கள், நீர்க்கோட்டுப் பக்கம் நெருக்கமாக ஒன்று.