ஏஐ இவ்வளவு வேகமாக மாறிக்கொண்டே இருந்தால், ஒரு நிறுவனம் எப்படித்தான் தயாராவது?

கேட்டவர் நடுமட்ட மேலாளராக இருப்பார் என்று நினைக்கிறேன். "சீக்கிரம் ஏஐ திட்டம் வேண்டும்" என்று மேலிடத்திலிருந்து மெயில் வந்திருக்கும். எந்த மென்பொருளை வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதை ஓரமாக வையுங்கள்.

நான் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஏஐயைக் கொண்டுவரச் சொன்னபோது நான் கேட்டது கொஞ்சம் அவகாசம்தான். பழைய புகார்களை எடுத்து, எது சரியான பதில், எதைச் சொல்லவே கூடாது என்று மூத்தவர்களை வைத்து எழுதி வாங்கினேன். "பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கிறீர்களா?" என்று சிரித்தார்கள். ஆமாம், அதேதான்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் கூத்து. பணத்தைத் திருப்பித் தரும் விதி ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தது! எந்த ஆவணத்திலும் இல்லை, எல்லாம் தலைக்குள். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் அதிக நாள் பிடித்தது.

2022 நவம்பரில் வந்த டெக்ஸ்ட்-டாவின்சி-003 என்ற, எழுத்தில் பதில் தரும் ஏஐ மாடலை, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 ஜனவரி 4 அன்று நிறுத்திவிட்டது. அதை நம்பி எல்லாவற்றையும் கட்டியிருந்த பக்கத்துப் பிரிவு அலறியது. நாங்கள் எங்கள் வினாத்தாளைப் புது மாடலிடம் கொடுத்தோம். பதில்கள் படு பணிவு, ஆனால் நாங்கள் தராத தள்ளுபடியையெல்லாம் தருவதாகச் சொன்னது. அன்றைக்கே பிடித்துவிட்டோம்.

"சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார்" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பதில் சொல்லும் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொன்னதற்கு, அந்த நிறுவனம்தான் பொறுப்பு என்று கனடாவில் ஒரு தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நான் ஏஐக்கு எதிரி இல்லை, தினமும் பயன்படுத்துகிறேன்.

இவ்வளவு செய்தும் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. 'முன்முயற்சி' என்ற இடத்தில் எனக்கு 'எதிர்பார்ப்புக்கு ஏற்ப'. ஆண்டு விழாவுக்கு பலூன் கட்டியவருக்கு 'எதிர்பார்ப்புக்கு மேல்'. அந்தப் படிவத்தை யார் தயாரித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை, கேட்டால் மனிதவளப் பிரிவு பக்கத்து அறையைக் கை காட்டுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிரிவில் அடுத்து ஓய்வு பெறப்போகிறவர் யார் என்று பாருங்கள். மென்பொருள் விற்பவரைச் சந்திப்பதற்கு முன்னால் அவரோடு உட்காருங்கள்.