‘நான் என்ன படிக்கலாம்?’ என்று சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ வகுப்பாசிரியராக இருக்கிறேன். மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று என் மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். கணக்குப் பிரிவோ உயிரியலோ, எல்லோருக்கும் டேட்டா சயின்ஸ், ஏஐ என்றே பதில் வருகிறது. உருப்படியாகப் பயன்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. அதைப் பதில் சொல்ல விடாமல், கேள்வி கேட்க வையுங்கள். ஒற்றை வரியில் கேட்டால், பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஊரே பேசும் படிப்பைத்தான் அது எடுத்து நீட்டும். மாணவர்கள் இப்படித் தமிழிலேயே எழுதட்டும்: “நான் ப்ளஸ் டூ, உயிரியல் பிரிவு. எந்தப் படிப்பையும் இப்போது சொல்லாதே. ஒவ்வொன்றாகப் பத்துக் கேள்வி கேள். கடைசியில் நான் சொன்னதை மட்டும் தொகுத்துக் கொடு.”

என்னிடம் வந்த ஒரு மாணவி ‘டாக்டர்’ என்றுதான் ஆரம்பித்தாள். விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று அது கேட்க, வீட்டு ஆடுகளைப் பார்த்துக்கொள்வேன் என்றாள். ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதுவரை ஒற்றை வரியில் பதில் சொன்னவள், அசை போடாதது, காது தொங்குவது, புழுக்கை இளகுவது என்று எட்டு வரி எழுதிவிட்டாள். கால்நடை மருத்துவம் என்ற பேச்சே அப்புறம்தான் வந்தது.

சரி, அங்கேயே ஒரு வம்பும் வந்தது. அந்தப் படிப்புக்கு நீட் கட்டாயம் என்று சாட்ஜிபிடி அடித்துச் சொன்னது. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களை தனுவாஸ் (தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்) ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். ஆகவே நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப், கடைசித் தேதி மூன்றையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, நாம் எதைச் சொன்னாலும் ‘அருமையான தேர்வு’ என்று தலையாட்டும் குணம் அதற்கு உண்டு. “இந்த வேலையை விட்டு விலகியவர்கள் என்ன காரணம் சொல்வார்கள்?” என்று வேண்டுமென்றே கேட்கச் சொல்லுங்கள். பெயர், பள்ளி, போன் நம்பர் எதையும் எழுத வேண்டாம். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதத்துடன்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அந்த வேலையைச் செய்பவரிடம் கேட்க ஐந்து கேள்விகளை அதனிடமே வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பெண் அந்தத் தாளோடு ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். ஆனால் டாக்டரிடம் முதலில் கேட்டது தாளில் இல்லாத கேள்வி: “ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போவீங்களா சார்?”