பன்னிரண்டு ஏன் தப்பு?

வணக்கம் சார்,

என் மகள் கொளத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு நோட்டை எடுத்தாலே முகம் சுருங்கிவிடுகிறது. இன்னும் விரல் விட்டுத்தான் கூட்டுகிறாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் பிள்ளைகளை அபாகஸ் அனுப்புகிறார்கள், நானும் சேர்க்கலாமா? எனக்குக் கணக்கு வராது, அவளுக்கும் என் மண்டைதான் போலிருக்கிறது, அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் அப்பா இன்ஜினியர். அவர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கத்தல், அழுகை. போன வாரம் ஒர்க்‌ஷீட்டில் 7 + 5 = □ + 4 என்று ஒன்று வந்தது. கட்டத்தில் 12 எழுதினாள், மிஸ் தப்பு போட்டுவிட்டார். ஏழும் ஐந்தும் பன்னிரண்டுதானே சார்? போய்க் கேட்டால் “வீட்டில் பிராக்டிஸ் கொடுங்கள்” என்கிறார். பெற்றோர் என்னதான் செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

பள்ளிக்கூடம் பற்றி வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. எந்தப் பள்ளி நல்லது, எந்தப் பாடத்திட்டம் நல்லது என்றுதான் பாதிக் கடிதங்கள் கேட்கும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு ஒர்க்‌ஷீட் கணக்கை எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது.

அதற்கு முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். அபாகஸ்: போனால் வேகமாகக் கூட்டுவாள், அவ்வளவுதான். மணிகளைத் தள்ளுவது அவளுக்குப் பிடித்தால் அனுப்புங்கள். பிடிக்காவிட்டால் அந்தக் காசில் மெரினாவுக்குக் கூட்டிப்போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுங்கள், மீதிச் சில்லறையை அவளையே எண்ணி வாங்கச் சொல்லுங்கள். விரல்: தாராளமாக எண்ணட்டும். எட்டையும் ஐந்தையும் கூட்டும்போது ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாளா, எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே போகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் பெரிய எண்ணிலிருந்து மேலே எண்ணக் காட்டிக் கொடுங்கள். விரல் தானாக மடங்கிக்கொள்ளும். இன்ஜினியரைக் கொஞ்ச நாள் கணக்கு நோட்டுப் பக்கம் விடாதீர்கள்.

ஆனால் “எனக்குக் கணக்கு வராது, உனக்கும் என் மண்டை” என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னீர்களே, அதற்கு உங்களை நாலு வார்த்தை திட்டாமல் விட முடியாது. உங்களுக்கு யார் சொன்னது வராது என்று? மாதச் சீட்டில் தள்ளு எவ்வளவு, கைக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகச் சொல்கிறவர்கள்தான் இந்த ஊரில் இப்படிப் பேசுகிறார்கள். 2015இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஒரு கல்வியாண்டு முழுக்கப் பார்த்தார்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால் அந்தப் பிள்ளைகள் அந்த வருடம் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. அதே அளவு பயந்த பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. உங்கள் பயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. அது வீட்டுப்பாடத்தோடு சேர்த்துக் கொடுக்கிற சாமான் இல்லை.

இப்போது அந்தப் பன்னிரண்டுக்கு வருகிறேன். மிஸ் தப்பு போட்டது சரி, ஏன் தப்பு என்று சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு. கட்டத்தில் வர வேண்டியது 8. இடது பக்கம் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, வலது பக்கமும் பன்னிரண்டு வர வேண்டும், அங்கே ஏற்கெனவே 4 உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் மகள் மக்கு இல்லை, அவள் தனியாகவும் இல்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் இதே மாதிரி 8 + 4 = □ + 5 என்று கேட்டார்கள். அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், 145 பேர். ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. 12 என்றார்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி 17 என்றார்கள். ஆறாம் வகுப்பு, அம்மா! உங்களுடையது மூன்றாம் வகுப்பு.

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளை பார்க்கிற எல்லாக் கணக்கும் இடது பக்கம் கூட்டலோ கழித்தலோ, அப்புறம் இரண்டு கோடு, அப்புறம் காலி இடம். கால்குலேட்டரிலும் அந்த இரண்டு கோட்டை அழுத்தினால் விடை விழுகிறது. ஆக, சமக்குறி என்றால் “ம்ம், விடையைப் போடு” என்கிற உத்தரவு என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்கிறது. 9 = 4 + 5 என்று எழுதிக் காட்டுங்கள், பல பிள்ளைகள் “திருப்பிப் போட்டிருக்கு” என்பார்கள். இதே நினைப்பில்தான் 25 + 10 = 35 + 7 = 42 என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகிறார்கள். விடை சரி, ஆனால் 25உம் 10உம் 42 என்று எழுதியிருக்கிறோமே என்று யாருக்கும் உறைக்காது. இந்தக் குறியைக் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் தேசத்து மருத்துவர், 1557இல். “இது அதற்குச் சமம்” என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய் இரண்டு இணைகோடுகளைப் போட்டார், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மனிதர் அடுத்த வருடமே சிறையில் செத்துப்போனார், பாவம். அவர் சொன்னதில் விடை என்ற பேச்சே கிடையாது.

எனக்கு இது எங்கே புரிந்தது என்றால், பழைய வண்ணாரப்பேட்டையில் என் மாமாவின் மளிகைக் கடையில். லீவு விட்டால் அங்கேதான் கிடப்பேன். துவரம்பருப்பும் உளுந்தும் கொத்தவால் சாவடியிலிருந்து மூட்டையாக வரும் (காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது, மளிகை இன்னும் அங்கேதான் நடக்கிறது). இரண்டு தட்டுத் தராசு. எடைக்கல் ஐம்பது கிராமில் ஒன்று, நூறில் ஒன்று, இருநூறில் ஒன்று, ஐந்நூறில் ஒன்று, அப்புறம் கிலோ கற்கள். முந்நூறு கேட்டால் இருநூறையும் நூறையும் போடுவார். நானூறு கேட்டால்? இருநூறு கல் ஒன்றுதானே இருக்கிறது. மாமா யோசிக்கவே மாட்டார். ஐந்நூறு கல்லை ஒரு தட்டில் வைத்து, நூறு கல்லை எடுத்துப் பருப்புத் தட்டில் போட்டுவிட்டு, முள் நடுவில் நிற்கும்வரை பருப்பைக் கொட்டுவார். ஒருமுறை ஒரு பாட்டி பிடித்துக்கொண்டாள்: “என்னப்பா, கல்லையும் பருப்போட சேத்து நிறுக்கறே?” மாமா சொன்னார்: “அந்தப் பக்கம் அஞ்சூறு, இந்தப் பக்கம் நூறு கல்லு, மிச்சம் பூரா பருப்பு. கணக்குப் பாத்துக்க ஆயா.” அவள் நூறு கல்லை எடுத்துக் கையில் திருப்பிப் பார்த்தாள், வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள், அப்புறம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆயா, □ + 100 = 500 என்ற கணக்கை நின்ற இடத்தில் போட்டுவிட்டுப் போனாள்!

இப்போது எல்லாக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசு, ஒரே தட்டு, சிவப்பு எழுத்தில் விடை வந்துவிடுகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏமாற்று குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கம் என்று ஒன்று இருப்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிற இடம் ஒன்று போய்விட்டது. இதையே இவ்வளவு இழுப்பதற்குக் காரணம், இன்னும் மூன்று நான்கு வருடத்தில் இயற்கணிதம் வந்து நிற்கும். 3x + 2 = x + 10 என்று போட்டால், சமக்குறிக்கு இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் விடை என்று பழகிய பிள்ளை திருதிருவென்று முழிக்கும். அன்றைக்கு டியூஷன் தேடி ஓடுவீர்கள். ஓட்டை இருப்பது இங்கே, மூன்றாம் வகுப்பில்.

பிராக்டிஸ் என்று மிஸ் சொன்னது இன்னும் ஐம்பது ஒர்க்‌ஷீட் என்றால், வேண்டாம். வீட்டில் ஒரு ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒரே அளவுள்ள இரண்டு பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே மாதிரியான ஒரு ரூபாய் நாணயங்களை ஒரு பக்கம் ஏழும் ஐந்தும் போட்டு, இந்தப் பக்கம் நான்கு போட்டுவிட்டு அவளிடம் கொடுங்கள். ஹேங்கர் துல்லியத் தராசு இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே சாயும், அப்போது இரண்டு பையையும் கொட்டி எண்ணிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அதுதான் கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இந்த மாதிரி கையால் எடுத்து வைத்துச் செய்வது ஒன்றும் புது வித்தை இல்லை. செயல்வழிக் கற்றல் 2003இல் நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்று ஒரு திட்டம் வந்து, அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ப உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு ஃபீஸ் கட்டுகிற இடத்தில் ஒரு பை நாணயம்கூட எடுத்துக் காட்ட நேரமில்லையா என்று நானும்தான் கேட்பேன்.

அப்புறம், விடை சரியோ தப்போ, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். தப்பாகச் செய்தபோது மட்டும் கேட்டால் அதுவே தப்பு என்பதற்கு அடையாளமாகிவிடும், சரியாகச் செய்தபோதும் கேட்க வேண்டும்.

நாணயம் பழகியதும் அவளுக்கு 37 + 48 = □ + 50 என்று எழுதிக் கொடுத்து, கூட்டாமலே சொல்ல முடியுமா என்று கேளுங்கள். விரல் விட்டு 85 வரை போய்த்தான் சொன்னாள் என்றாலும் பரவாயில்லை, குறுக்கே பேசாதீர்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்