மேடு வெளுக்கிறது, வரைபடமோ பச்சை காட்டுகிறது: எதை நம்புவது?

கேள்வி: என்னுடையது நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். நடுவில் மேடேறி இரண்டு பக்கமும் இறங்கும். மேட்டு உச்சியில் மண் வெளுத்து, கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே மட்டும் பயிர் எழும்புவதே இல்லை. ஒருவர் ட்ரோன் விட்டு மண் அரிப்பு வரைபடம் எடுத்துத் தந்தார். அதில் உச்சி பச்சையாக இருக்கிறது, அரிப்பே இல்லையாம். சரிவின் நடுப்பகுதிதான் சிவப்பு. மேட்டை வெட்டிச் சமன் செய்தால் சரியாகிவிடும், வெட்டிய மண்ணைக் கொடுத்தால் கூலிகூட வேண்டாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மண்ணை அவருக்குக் கொடுத்துச் சமன் செய்வது அறவே வேண்டாம். ஏன் என்பதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கண்ணுக்கும் வரைபடத்துக்கும் இடையிலான வழக்கைத் தீர்த்துவிடலாம். உங்கள் கண் சொல்வதுதான் சரி.

இந்த மாதிரி வரைபடங்களில் பெரும்பாலானவை ஒரே சூத்திரத்திலிருந்து பிறப்பவை. அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் 1965-இல் வெளியிட்டு, 1978-இல் திருத்திய மண் இழப்புச் சமன்பாடு அது. 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட சோதனைப் பாத்தியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மழைநீர் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு மண்ணை அரிக்கும் என்று அது கணக்கிடும். மழை, மண், சரிவு, பயிர், தடுப்பு என்று எல்லாம் அதில் உண்டு. மேட்டு உச்சியில் சரிவு குறைவு, மேலேயிருந்து ஓடிவர நீரும் இல்லை. அதனால் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், கணினி பச்சை பூசிவிடும். உங்கள் மேட்டு மண்ணை மழை பெரிதாக எடுத்துப்போகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். எடுத்துப்போனது உங்கள் கலப்பை.

கோபப்படாதீர்கள், எல்லார் கலப்பையும் செய்வதுதான். ஏற்றத்தில் உழும்போது புரளும் மண்கட்டி கொஞ்ச தூரம்தான் நகரும். இறக்கத்தில் அதே கட்டி இன்னும் சற்று உருளும். ஏறியும் இறங்கியும் உழுதால் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்போம், ஆகாது. ஒவ்வொரு உழவிலும் மிச்சம் கீழ்நோக்கித்தான். நடுச்சரிவில் மேலிருந்து வரும் மண்ணும் கீழே போகும் மண்ணும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் உழவால் வரும் இழப்பு அங்கே தெரிவதில்லை. உச்சியிலோ இரண்டு பக்கமும் மண் இறங்குகிறது, ஈடு கொடுக்க அதற்கு மேலே நிலம் இல்லை. மேடு வெளுக்கும், அடிவாரத்தில் மண் குவியும். ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஹெக்டேரில் அது 10 கன மீட்டர், எடைக்குச் சுமார் 13 டன்!

இது என் ஊகமில்லை. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு உலகெங்கும் இறங்கி, மேல்மண்ணின் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டது. ஓரிடத்தில் அது குறைந்திருந்தால் மண் போயிருக்கிறது, கூடியிருந்தால் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படி அளந்தபோது, நீரரிப்புக் கணக்குப்படி பத்திரமாக இருக்க வேண்டிய மேடுகளில்தான் பற்றாக்குறை தெரிந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கெரார்ட் கோவெர்ஸும் அவருடைய குழுவினரும் 1990-களில் இதைக் கலப்பையோடு பொருத்திக் காட்டினார்கள். இத்துறையில் சிறு அலுமினியக் கட்டைகளை மண்ணில் புதைத்து, உழுது, அவை எங்கே போய்க் கிடக்கின்றன என்று தேடி அளப்பதும் உண்டு. நீங்களே செய்து பார்க்கலாம். சரிவுக்குக் குறுக்கே ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் பறித்து, சாயம் பூசிய சரளைக்கல்லைப் பரப்பி மூடுங்கள். மேலும் கீழுமாக ஒருமுறை உழுதுவிட்டுத் தேடுங்கள். கற்கள் எந்தப் பக்கம் அதிகம் கிடக்கின்றன என்பதைப் பார்த்த பிறகு உங்களுக்கு யாரும் வரைபடம் விற்க முடியாது.

முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம் இது. ஆனாலும் என் மேசைக்கு வரும் மண் பாதுகாப்புத் திட்ட அறிக்கைகளில் உழவால் நகரும் மண்ணுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அறிக்கையைச் சரிபார்ப்பவர்கள் வண்ண வரைபடம் இணைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், வரப்பு எத்தனை மீட்டர் என்று கேட்பார்கள். நிலத்தில் ஒரு குழியாவது தோண்டினீர்களா என்று கேட்க ஆளில்லை. அந்த ஓட்டையில்தான் உங்களிடம் வந்தவரைப் போன்ற இடைத்தரகர் நுழைகிறார்.

அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ட்ரோன் பறந்த அன்று வயலில் பயிர் நின்றதா? நின்றிருந்தால் படம் அளந்தது பயிரின் தலையை, நிலத்தை அல்ல. தரையில் குறிப்பலகை வைத்து உயரம் சரிபார்த்தாரா? இல்லையென்றால், ஐந்து சென்டிமீட்டர் துல்லியம் என்பதெல்லாம் பேச்சு. இன்னொரு ரகமும் உண்டு. ட்ரோனைச் சும்மா பறக்கவிட்டு, விண்வெளியிலிருந்து அளந்து இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவை அச்சடித்துக் கொடுப்பார்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த அந்தத் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு ஏக்கருக்கு நாலரைக் கட்டம். உங்கள் மேடு முழுவதும் இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடங்கிப்போகும். ஒரு மாவட்டத்தைப் பார்க்க அது போதும், ஒரு வயலைப் பார்க்கப் போதாது.

இப்போது அந்த இலவசச் சமன். உச்சியில் மிச்சமிருப்பது சில அங்குல மேல்மண். அதை வெட்டினால் உயிரற்ற அடிமண் வெளியே வரும், உரம் போட்டாலும் எளிதில் தேறாது. சரி, கூலி வாங்காமல் இயந்திரம் ஓட்டுகிறவர் எதற்கு ஓட்டுகிறார்? மண்ணுக்கு. மேட்டை வெட்டுகிற சாக்கில் அடிவாரத்தில் சேர்ந்த மண்ணையும் சேர்த்து அள்ளுவார்கள். அதுதான் உங்கள் மேட்டிலிருந்து பல தலைமுறையாக இறங்கிய சொத்து.

செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். அடிவாரத்தில் மண் ஆழமாகச் சேர்ந்திருந்தால், அதிலிருந்து கொஞ்சம் எடுத்து உச்சியில் ஒரு சாணுக்குக் குறையாமல் பரப்புங்கள். உழவின் எண்ணிக்கையையும் ஆழத்தையும் டிராக்டரின் வேகத்தையும் குறையுங்கள். வேகம் கூடினால் மண் தூரம் போகும். சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் உழுங்கள். மண்ணை ஒரு பக்கமாகப் புரட்டும் கலப்பை என்றால் புரளும் பக்கம் மேட்டை நோக்கி இருக்கட்டும். அந்தக் கோட்டைப் பிடிக்கக் கொத்தனாரின் டியூப் மட்டமே போதும். நடுச்சரிவின் சிவப்பும் பொய்யல்ல, அங்கே அறுவடைக்குப் பின் தாளை அப்படியே விட்டு மண்ணை மூடிவையுங்கள்.

ஆனால் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா வெள்ளை மேடும் உழவால் வெளுத்ததல்ல. சில மேடுகளில் ஆதியிலிருந்தே பாறை மேலே இருக்கும், மண் ஒருபோதும் ஆழமாக இருந்திருக்காது. அங்கே மண் கொட்டினாலும் ஈரம் பிடிக்க அடியில் இடமில்லை. அந்தத் துண்டைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுவதுதான் லாபம். எப்படிக் கண்டுபிடிப்பது? உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என்று மூன்று குழி, இடுப்பளவு ஆழம். அடிவாரக் குழியின் சுவரைப் பாருங்கள். மேலே வெளிறிய மண்ணும் அதற்குக் கீழே ஒரு கரிய பட்டையும் தெரிந்தால், அந்தக் கரிய பட்டைதான் பழைய நிலத்தரை. அதன் மேல் கிடப்பதெல்லாம் மேலிருந்து இறங்கி வந்தது, நிலத்தரையையே புதைத்துவிட்டது. அப்படிப் பட்டை எதுவும் தெரியாமல், அடிவாரத்திலும் மண் ஆழமில்லாமல், உச்சிக் குழியில் ஒரு சாணுக்குள் கடப்பாரை பாறையில் மோதினால், உங்கள் மேடு பிறவியிலேயே அப்படித்தான். பட்டை இருந்து, உச்சியிலும் கடப்பாரை இறங்கினால் நான் மேலே சொன்னதைத் தொடங்கலாம்.

குழியை மழை பெய்து இரண்டு மூன்று நாளில், மண் ஈரமாக இருக்கும்போதே தோண்டுங்கள். காய்ந்த சுவரில் எல்லா அடுக்கும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். காய்ந்துவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பாருங்கள்.