ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு முந்தைய பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்பதில் என்ன இருக்கிறது? எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே?

நீங்கள் கிட்டார் பழகுகிறவர் என்று நினைக்கிறேன். யூடியூபில் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டுமே! எனக்கு 36 வயது வரை தெரியவில்லை. கல்லூரி இசைக்குழுவில் நான்கு வருடம் கிட்டார் வாசித்தவன் நான். ராக் அண்ட் ரோல் இசை 1954-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் எல்விஸோடு பிறந்தது என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

பிறகு வேலைக்காக அதே மெம்பிஸில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே வீட்டுக்காரர் இறந்துவிட்டால் சாமான்களை எல்லாம் அந்த வீட்டிலேயே வைத்து விற்றுவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டில் ‘78’ என்கிற, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய வகை இசைத்தட்டுகள் பதினொன்றை 20 டாலருக்கு வாங்கினேன். பின்னால் வந்த எல்பி தட்டுகளுக்கான ஊசியில் போட்டால் ஒரே இரைச்சல். 78 தட்டின் பள்ளம் அகலமானது, தடித்த ஊசி வேண்டும் என்றார் ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்காரர். மாற்றினேன். கணீரென்று ஒரு பெண் குரல், கூடவே கிட்டார். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’. பதிவானது 1944-ல். எல்விஸுக்கு அப்போது ஒன்பது வயது!

பக்திப் பாட்டுதான். ஆனால் இடையில் அவர் கிட்டாரை மட்டும் பேசவிடும் இடம் இருக்கிறதே, நான் ராக் என்று பழகிய விரலோட்டம் அங்கே இருந்தது. அன்று இரவு அதையேதான் திரும்பத் திரும்பப் போட்டேன். 1945-ல் கறுப்பின மக்களின் இசைக்கென்று பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை தனியாக வைத்திருந்த பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு அது. அவர் 1973-ல் இறந்தார். கல்லறையில் பல ஆண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லை. ராக் இசைக்கு வழிவகுத்தவர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018-ல். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

எல்விஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவருடைய முதல் இசைத்தட்டில் இருந்த பாட்டை ஆர்தர் க்ருடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946-லேயே பதிவு செய்திருந்தார். க்ருடப்பைப் பேட்டியில் பெயர் சொல்லிப் பாராட்டியவர் எல்விஸ். மறந்தது நாம்தான். தார்ப் பாடியதுதான் முதல் ராக் பாட்டு என்றும் நான் அடித்துச் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு 1951-ல் வந்த ‘ராக்கெட் 88’ உட்படப் பல பாட்டுகள் போட்டியில் இருக்கின்றன. அப்புறம், தமிழ்ப் பாட்டை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: இந்தத் தட்டுகளைச் செய்யத் தேவைப்பட்ட அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது கிடைக்காமல் போனபோது அமெரிக்காவில் பழைய தட்டுகளை வாங்கி நொறுக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். எத்தனை குரல்கள் அதில் போயிற்றோ!

ஊர் திரும்பும்போது பதினொன்றையும் பார்சலில் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி, இரண்டு பெட்டிக்குள் வைத்து, ‘உடையும் பொருள்’ என்று நான்கு பக்கமும் எழுதி. மூன்று தூள்தூளாக வந்தன. காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் வாங்கியவர்கள், வெளிப்பெட்டி நசுங்கவில்லை, அதனால் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டார்கள். ஐந்து மாதம் மின்னஞ்சல் எழுதி ஓய்ந்துவிட்டேன்.

தார்ப் தட்டு தப்பியது, ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் ஒரு மெல்லிய விரிசலோடு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’, நிமிடத்துக்கு 78 தடவை. என் மகள் இப்போது அந்த டக்கையும் சேர்த்துத்தான் தாளம் போடுகிறாள்.